பெரியம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை?

கடந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலகாரம் சுட உதவலாம் என்று ஜெலாப்பாங்கில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக அந்த வீட்டில் நான் நுழையும்போதே முறுக்கு மாவு இரண்டு பெரிய பாத்திரங்களில் இருக்கும். அன்றைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது. கேட்டால், “உடம்புக்கு முடியலம்மா, இந்த வருஷம் கொஞ்சமா போதும்” என்றார்.

அச்சில் மாவைப் போட்டுக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, பேங்க் மெஷின்ல போட்ட பணம் தப்பா வேற ஒருத்தர் கணக்குக்குப் போயிட்டா திரும்ப எடுக்க முடியுமா? பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க.”

பக்கத்து வீட்டு அக்கா கேட்கவில்லை என்பது எனக்குப் புரிய அரை நிமிடம் பிடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். பெரியம்மா அழவில்லை. தலையணை உறைக்குள் இருந்து ரசீதுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். கூட்டிப் பார்த்தேன். 31,500 வெள்ளி.

அவர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபோது குடும்பத்தோடு ஜெலாப்பாங்குக்கு வந்து, 22 ஆண்டுகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பெரியப்பா போன பிறகு மகனைத் தனியாகப் படிக்க வைத்தார். அந்தப் பணம் அவருடைய இபிஎஃப் சேமிப்பில் மிச்சம் இருந்தது.

இரண்டு நாள் நீடித்த அழைப்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் அழைப்பு. கூரியர் நிறுவனம் என்றார்களாம். மரியாதையான மலாய், வார்த்தைக்கு வார்த்தை ‘புவான்’. “உங்கள் பெயரில் ஒரு பொட்டலம் பிடிபட்டிருக்கிறது, உள்ளே மற்றவர்களின் வங்கி அட்டைகள் இருக்கின்றன.” பெரியம்மா பதறி மறுத்ததும், “அப்படியானால் போலீசில் சொல்லிவிடுங்கள், நானே இணைப்பைக் கொடுக்கிறேன்” என்றார் அந்தப் பெண்.

அடுத்து வந்தவர் ‘இன்ஸ்பெக்டர்’. பின்னணியில் வாக்கி டாக்கி சத்தம். அவரே பெரியம்மாவின் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் வாசித்தார். சிறிது நேரத்தில் வாட்ஸ்அப்பில் பெரியம்மா பெயர் போட்ட கைது ஆணை வந்தது. இது அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் நடக்கும் விசாரணை, மகனிடம் சொன்னாலும் மகனும் உள்ளே போவான் என்றார்கள்.

நிரபராதி என்று நிரூபிக்க ஒரே வழி, பணத்தை விசாரணை முடியும்வரை ‘பாதுகாப்புக் கணக்கில்’ வைப்பது. வங்கியில் நிரந்தர வைப்புத்தொகையை உடைக்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் காரணம் கேட்டிருக்கிறார். “கூரை மாத்தணும்” என்றார் பெரியம்மா. அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கைப்பேசி சட்டைப் பைக்குள் அழைப்பிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

செவ்வாயும் புதனுமாக, பணம் போடும் மெஷினில் பல தடவை நின்றார். இரண்டு கணக்குகள். புதன் மாலை ‘இன்ஸ்பெக்டர்’ எண் எடுபடவில்லை. இரவு ஏழு மணிக்கு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

புதன் இரவிலிருந்து ஞாயிறு வரை யாரிடமும் சொல்லவில்லை.

“நீதான் சிரிச்சியேம்மா”

நான் வானொலி அறிவிப்பாளர். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள். மோசடி பற்றிய எச்சரிக்கைகளை மாதத்துக்கு நான்கைந்து தடவையாவது வாசிக்கிறேன். என் நிகழ்ச்சியைப் பெரியம்மா ஒரு நாளும் தவற விட்டதில்லை. அதனால் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாமே பெரியம்மா! அன்னைக்கே சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாமே!”

அவர் நிதானமாகச் சொன்னார். “நீதான் ரேடியோவுல சிரிச்சியேம்மா. எண்பதாயிரம் வெள்ளி ஏமாந்த மாதுன்னு பேப்பர்ல வந்ததைப் படிச்சிட்டு, ரெண்டு பேரும் சிரிச்சீங்க. இன்னுமா இப்படி ஏமாறுறாங்கன்னு கேட்டே. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

எனக்கு ஞாபகம் இருந்தது. காலை நேர நிகழ்ச்சி, பக்கத்தில் சக அறிவிப்பாளர், கலகலப்பாகப் போக வேண்டும் என்ற அவசரம். அந்த வரி ஐந்து வினாடி இருக்கும். அந்த ஐந்து வினாடி, பெரியம்மாவை நான்கு நாள் வாய் திறக்க விடாமல் செய்திருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம். ஏமாந்தவரை நாம் முட்டாள் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், அடுத்து ஏமாறப்போகிறவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நடந்தால் வெளியே சொல்லக் கூடாது என்ற பாடத்தை அவர் கற்றுக்கொள்கிறார். மோசடிக்காரனுக்கு வேண்டிய நேரத்தை அந்த மௌனம்தான் கொடுக்கிறது.

நேரம் ஏன் முக்கியம்?

ஜெலாப்பாங் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இருந்த பழைய டோல் சாவடிதான். மெனோரா சுரங்கப்பாதையிலிருந்து நீண்ட இறக்கம். பிரேக் சூடேறி வந்த லாரிகள் கீழே சாவடிப் பக்கம் மோதிய விபத்துகள் பல. இறக்கத்தின் தொடக்கத்திலேயே வேகத்தைக் குறைத்தால்தான் லாரியை நிறுத்த முடியும் என்று அந்தப் பாதையில் ஓட்டிய எல்லாரும் சொல்வார்கள்.

நம் கையை விட்டுப் போகும் பணமும் அப்படித்தான். முதல் கணக்கில் அது தங்குவதில்லை. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிந்து ஓடும். ஏதோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியே வரும், அல்லது மின்னியல் நாணயமாக மாறி நாட்டை விட்டே போகும். அந்த ஓட்டம் முடிவதற்குள் வங்கிகள் கணக்குகளை முடக்கினால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். முடிந்த பிறகு காப்பாற்ற எதுவும் இருக்காது.

இதற்காகத்தான் 2022 அக்டோபரில் தேசிய மோசடி நடவடிக்கை மையம் தொடங்கப்பட்டது. எண் 997. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்புத்துறை ஆணையம், தேசிய நிதிக் குற்றத் தடுப்பு மையம் ஆகியவை வங்கிகளோடும் தொலைத்தொடர்பு நிறுவனங்களோடும் சேர்ந்து செயல்படும் இடம் அது. 2024 ஆகஸ்டில் தேசிய மோசடித் தளம் என்ற மின்னியல் வசதியும் வந்தது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஓடும் பணத்தைத் துரத்துவதற்கு முன்பிருந்த தாமதத்தைக் குறைப்பது அதன் வேலை.

ஆனால் இவை எல்லாம் நாம் அழைத்த பிறகுதான் நகரத் தொடங்கும். அன்றைக்கே வங்கிக்கும் 997-க்கும் அழைத்தோம், போலீஸ் புகாரும் செய்தோம். நான்கு நாள் கடந்துவிட்டது. இரண்டு கணக்குகளில் ஒன்று காலி. மற்றதில் 212 வெள்ளி இருந்தது.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

“என் ஐ.சி. நம்பரை அவனே சொன்னாம்மா. போலீஸ் இல்லாம எப்படித் தெரியும்?” பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டது இது. நியாயமான கேள்வி.

2017 அக்டோபரில் ஒரு செய்தி வெளியானது. மலேசியக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் 4 கோடியே 62 லட்சம் எண்கள், பெயர், அடையாள அட்டை எண், முகவரியோடு வெளியே கசிந்து விற்பனைக்கு வந்திருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். அதாவது, அன்று கைப்பேசி வைத்திருந்த அநேகமாக எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். பிறகும் கசிவுகள் நின்றபாடில்லை.

அடையாள அட்டை எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்த நம்மில் பெரும்பாலோருக்கு 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. முகநூலில் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்தவருக்கே எட்டு இலக்கம் வரை ஊகிக்க வழி இருக்கிறது.

மற்றதை நாமே கொடுக்கிறோம். குலுக்கல் பாரம், அடுக்குமாடி வீட்டுக் காவலர் புத்தகம், கடன் விளம்பரத்துக்கு அனுப்பிய ஐ.சி. படம். உதவிப் பொருள் பெறுவோர் பட்டியல் என்று ஐ.சி. எண்களோடு புலனக் குழுக்களில் பகிரப்படும் கோப்புகளை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் இருநூறு பேர் இருக்கும் குழுவில் அது போனால், அந்தப் பட்டியல் யாரிடம் முடியும் என்று சொல்ல முடியாது.

எனவே மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. என் விவரம் அவனுக்குத் தெரியும் என்பது, அவன் அதிகாரி என்பதற்குச் சான்றே இல்லை.

நானூறு வெள்ளிக்கு ஒரு பெயர்

பணம் போடும் மெஷினில் கணக்கு எண்ணை அழுத்தினால், திரையில் கணக்குக்காரரின் பெயர் வரும். இரண்டு கணக்குகளில் ஒன்று தமிழ்ப் பெயர். பெரியம்மா சொன்னார்: “நம்ம பேரா இருந்துச்சு. நம்ம பிள்ளை ஒருத்தன் போலீஸ்ல இருக்கான் போலன்னு கொஞ்சம் தைரியம் வந்துச்சும்மா.”

அந்தப் பெயருக்குரியவர் வேறு மாநிலத்தில் இருக்கும் 22 வயது இளைஞர் என்று பிறகு தெரிந்தது. முகநூலில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் 400 வெள்ளிக்குக் கொடுத்திருக்கிறார். கம்பெனிக் கணக்குக்கு வாடகை என்று சொன்னார்களாம். பெரியம்மா இதைக் கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “நானூறு வெள்ளிக்கா?”

இதைத்தான் மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்கள். கழுதைக் கணக்கு. பாரத்தைச் சுமப்பது கழுதை, லாபம் வேறு ஒருவருக்கு. இந்தக் கணக்குகள் இல்லாவிட்டால் மக்காவ் மோசடி, முதலீட்டு மோசடி, காதல் மோசடி எதுவுமே நடக்காது. திருடியதை வாங்கி வைக்க ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் பெரும்பாலும் வேலை தேடும் இளைஞருடையது, கடன் தேடும் குடும்பத் தலைவியுடையது, கல்லூரி மாணவருடையது.

“எனக்கு எதுவும் தெரியாது, கார்டைத்தான் கொடுத்தேன்” என்று சொல்லித் தப்பிக்க முன்பு கொஞ்சம் இடம் இருந்தது. 2024-ல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகளைச் சேர்த்துவிட்டார்கள. மற்றவரின் வங்கி அட்டையையோ கணக்கையோ தகுந்த காரணமின்றிக் கையில் வைத்திருப்பதும், தன் கணக்கை மற்றவர் கட்டுப்பாட்டில் கொடுப்பதும் இப்போது தனிக் குற்றங்கள். சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. வழக்குக்கு முன்பே கணக்குகள் முடங்கும். சம்பளம் வாங்கக்கூட ஒரு கணக்கு திறக்க முடியாமல் அலைய வேண்டி வரும்.

வேலைக்குப் போகத் தொடங்கிய தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால், இதைச் சொல்லுங்கள். “கணக்கை ஒரு மாதம் கொடு, வாடகை தருகிறேன்” என்று நண்பனே கேட்டாலும் பதில் ஒன்றுதான். கடன் கொடுப்பவர் உங்கள் கார்டையும் பின் எண்ணையும் கேட்டால், அவர் கடன் கொடுக்க வரவில்லை.

மறுமுனையில் இருப்பவர்

அந்த ‘இன்ஸ்பெக்டர்’ யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர் மலேசியாவில் இருந்தாரா என்பதும் தெரியாது. மியன்மார், கம்போடியா எல்லைப்புறங்களில் முள்வேலி போட்ட வளாகங்களில் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்து, இப்படி அழைப்புகள் செய்ய வைக்கிறார்கள். நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போய் மாட்டிக்கொண்ட மலேசியர்கள் பலரை அரசாங்கம் மீட்டு வந்திருக்கிறது. நம் ஈப்போ இளைஞர் ஒருவர், இணையத்தில் பழகியவரைப் பார்க்கப் போய் மியன்மாருக்குக் கடத்தப்பட்டு, 2022 மே மாதம் தாய்லாந்து மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தச் செய்தியை நான்தான் வாசித்தேன்.

எனவே இது ஒரு வயதான அம்மாவின் அப்பாவித்தனத்துக்கும் ஒரு தனி மனிதனின் தந்திரத்துக்கும் நடக்கும் போட்டி அல்ல. எழுதி வைத்த வசனம், மேற்பார்வையாளர், தினசரி இலக்கு என்று ஆலை போல நடக்கும் தொழில். அதன் முன்னால் படித்தவர், படிக்காதவர் எல்லாரும் ஒன்றுதான். ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பயம் வந்துவிட்டால் படிப்பு வேலை செய்யாது.

வீட்டில் செய்யக்கூடியவை

• போலீஸ், நீதிமன்றம், பேங்க் நெகாரா, வருமான வரி வாரியம் எதுவும் போனில் அழைத்துப் பணத்தை மாற்றச் சொல்லாது. ‘பாதுகாப்புக் கணக்கு’ என்ற ஒன்றே கிடையாது.

• அழைப்பைத் துண்டியுங்கள். பிறகு வங்கி அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர்கள் கொடுக்கும் எண்ணுக்கும், அவர்கள் மாற்றிக் கொடுக்கும் இணைப்புக்கும் போகாதீர்கள்.

• “யாரிடமும் சொல்லாதே” என்று ஒருவர் சொன்னால், உடனே ஒருவரிடம் சொல்லுங்கள்.

• பின் எண், கடவுச்சொல், டேக் எண் யாருக்கும் இல்லை. குறுஞ்செய்தி டேக் எண்ணுக்குப் பதில் வங்கிச் செயலியில் ‘அனுமதி’ அழுத்தும் முறை இப்போது வந்துவிட்டது. எதற்கு அனுமதி, எவ்வளவு தொகை என்று வாசிக்காமல் அழுத்தாதீர்கள்.

• கல்யாணப் பத்திரிகை, வீடு சுத்தம் செய்யும் சேவை, உதவித்தொகை பாரம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறக்காதீர்கள். அவை கைப்பேசியைத் திருடனிடம் கொடுத்துவிடும்.

• தெரியாத கணக்குக்குப் பணம் போடுமுன் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைச் சோதியுங்கள். புகார் பதிவு இல்லை என்று வந்தாலும் அது நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. புதிய கழுதைக் கணக்கில் இன்னும் புகார் வந்திருக்காது.

• ஐ.சி. நகல் கொடுத்தால், அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள்.

• அம்மா அப்பாவின் இணைய வங்கிப் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வையுங்கள். கணக்கை நாமே உடனடியாக முடக்கும் ‘கில் சுவிட்ச்’ வசதி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

• பணம் போய்விட்டதா? முதலில் வங்கியின் மோசடிப் பிரிவு அல்லது 997. அடுத்து போலீஸ் புகார். ரசீது, செய்தி, அழைப்பு எண் எதையும் அழிக்காதீர்கள். வங்கியின் முடிவில் திருப்தி இல்லையென்றால், எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு மையத்திடம் முறையிடலாம். ஆனால் நம் கையாலேயே அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அதனால்தான் முதல் அழைப்பு அவ்வளவு முக்கியம்.

இப்போது

பெரியம்மாவின் பணம் திரும்பவில்லை. மகன் மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறான். அவர் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போகிறார். அறுபத்திரண்டு வயதில் மறுபடியும் வேலை.

நான் நிகழ்ச்சியில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். மோசடிச் செய்தி வாசித்தால் சிரிப்பதில்லை. ‘ஏமாந்தார்’ என்பதற்குப் பதில் ‘ஏமாற்றப்பட்டார்’ என்று சொல்கிறேன். முதல் முறை அப்படி வாசித்துவிட்டு, “இது என் குடும்பத்திலும் நடந்தது” என்றேன். பெயர் சொல்லவில்லை, சொல்ல பெரியம்மா அனுமதி கொடுத்த பிறகுதான் அவ்வளவும் சொன்னேன். அன்று ஒலிபரப்பு முடிந்ததும் வந்த அழைப்புகளில் பல, வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுடையவை. கணவருக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது என்று மெதுவான குரலில் பேசினார்கள். ஓர் ஐயா மூன்று வருடம் மறைத்து வைத்திருந்தாராம்.

போன மாதம் பெரியம்மா அழைத்தார். பின்னால் குழந்தை அழும் சத்தம். “இப்பதான் ஒருத்தன் கூப்பிட்டான்மா. கோர்ட்டுல இருந்தாம். கட் பண்ணிட்டேன். உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு.” நான் பதறி ஏதேனும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்க வாய் திறந்தேன். நிறுத்திக்கொண்டு, “நல்லா செஞ்சீங்க பெரியம்மா, சொன்னதுக்கு நன்றி” என்றேன்.

இன்று வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். “இப்படி ஏதாவது நடந்தா, எவ்வளவு பணமா இருந்தாலும், எந்த நேரமா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.” அம்மாவிடமும் சொல்லுங்கள், இருபது வயதுப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.